டேங்கருக்குள் இருந்த பெடாஸ்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கூட்டங்களில் கதவோர நாற்காலியை எனக்கென்றே விட்டு வைத்திருப்பார்கள், எழுந்து போக வசதியாக. அன்றைக்கு என் மேலாளர் வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்திருந்தார். வியாபாரக் கூட்டாளிகளுக்கு இடையில் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் இ.டி.ஐ.யின் இடத்தை எக்ஸ்.எம்.எல். பிடிக்க முடியுமா? கேள்விக்கு அடியில் இரண்டு கோடு வேறு. அவர் கோடு போட்ட அழுத்தத்திலேயே, முடியாது என்பதுதான் அவருடைய பதில் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் ஆலை மலேசியாவில், சிரம்பான் பக்கத்துச் சுங்கை காடுட்டில் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து டேங்கரில் வரும் ரப்பர் பாலைக் கெட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நான் கணினிப் பிரிவு. லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களின் மகள் என்பதால், அமோனியா கலந்த பாலின் நெடி என்னை ஒன்றும் செய்யாது. மேலாளர் யாழ்ப்பாண வம்சம். அவர் குடும்பத்தில் இரண்டு தலைமுறை தோட்டத்துக் கிராணிகள், கணக்கு எழுதியவர்கள். மேசையில் பென்சில்கூட உயர வரிசைப்படிதான் கிடக்கும். ஆலைக்கு இ.டி.ஐ.யைக் கொண்டுவந்தவர் அவர். இன்னும் ஒன்றரை வருஷத்தில் ஓய்வு. தான் கட்டிய வீட்டை இன்னொருத்தி வந்து இடிக்கப் பார்க்கிறாளே என்கிற பார்வை அவரிடம் இருந்தது. அதைத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

இ.டி.ஐ. ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. இரண்டு கம்பெனிக் கணினிகள் காகிதம் இல்லாமல் பேசிக்கொள்ளும் பழைய முறை. என்ன அனுப்பினோம், எத்தனை டிரம், எந்தக் கப்பல் என்பதையெல்லாம் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வைத்து அனுப்புவோம். எந்த இடத்தில் எது இருக்கும் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கும். வீட்டு டிபன் கேரியர் மாதிரி. மேல் தட்டில் சோறு, நடுவில் குழம்பு, அடியில் பொரியல் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அதன்மேல் எழுதி ஒட்டுவதில்லை. எக்ஸ்.எம்.எல்.லில் ஒவ்வொன்றின் மேலும் அது என்ன என்று எழுதி ஒட்டியிருக்கும். டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்.

இந்தப் பேச்சு கிளம்பக் காரணம் ஐரோப்பாவில் இருந்த எங்கள் பெரிய வாடிக்கையாளர். மருத்துவக் குழாய் செய்பவர்கள். காட்டை அழித்து நட்ட நிலத்திலிருந்து பால் வரவில்லை என்று அவர்கள் நாட்டில் நிரூபிக்க வேண்டுமாம். அதனால் இனி ஒவ்வொரு தொகுதிப் பாலும் எந்தெந்த நிலங்களுடையது, எந்த இடத்தில், எந்த நாள், எத்தனை கிலோ ஏறியது என்று எக்ஸ்.எம்.எல்.லில் அனுப்பச் சொன்னார்கள். மூன்று மாதம் கெடு. ஒரு நிலம் விட்டுப்போனாலும் அந்தத் தொகுதி முழுவதையும் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மேலாளர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இ.டி.ஐ.யிலும் இதற்கெல்லாம் இடம் உண்டு, இரு பக்கமும் உட்கார்ந்து பேசிப் படிவத்தைத் திருத்தினால் போதும், புதுச் சட்டை போட்டால் ஆள் மாறிவிடுவானா என்று கேட்டார். ஆனால் வாடிக்கையாளர் பேசி முடித்துவிட்டார். பழைய படிவத்தைத் திருத்த அவர்கள் பக்கம் ஆளே இல்லை. அப்புறம் மேலாளர் அடுத்த விஷயத்துக்கு வந்தார். சாயங்காலம் டீக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"பெடாஸ் பாலை நிறுத்திவிட்டால் வேலை பாதியாகிவிடும்."

பெடாஸ் என்று அவர் சொன்னது அந்தச் சிற்றூரில் இருந்த ஒரு சின்னப் பால் சேகரிப்பு நிலையத்தை. இருபத்தெட்டுச் சிறு தோட்டக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர். பெரும்பாலும் தோட்டத்தில் வேலை செய்து, அது விற்கப்பட்டபோது எப்படியோ ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்ட குடும்பங்கள். காலையில் வெட்டிய பாலை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து நிலையத்து டிரம்களில் ஊற்றுவார்கள். தம்பின் என்கிற ஊர்ப் பக்கத்துப் பெரிய தோட்டத்திலிருந்து எங்கள் ஆலைக்கு வரும் டேங்கர், வருகிற வழியில் பெடாஸில் நின்று அந்தப் பாலையும் ஏற்றிக்கொள்ளும். ஆனால் எங்கள் படிவத்தில் ஒரு டேங்கருக்கு ஒரு தோட்டம்தான். ஆகவே பெடாஸ் பாலும் பெரிய தோட்டத்தின் எண்ணிலேயே உள்ளே வரும். படிவத்தின் கடைசியில், இஷ்டப்படி எதையும் எழுதலாம் என்று விட்டிருந்த வரியில், 'பெடாஸ் 600' என்று ஒரு குறிப்பு. அந்த வரியை எந்தக் கணினியும் படிப்பதில்லை. ஆக இத்தனை வருஷமாகப் பெடாஸ் பால் ஐரோப்பா வரைக்கும் போய்க்கொண்டிருந்தது, பெடாஸ் என்று ஓர் இடம் இருப்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவும் அம்மாவும் வெட்டிய பாலும் இப்படித்தான் தோட்டத்தின் எண்ணில் போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆறு வாரம் கொடுங்கள், பெடாஸையும் சேர்த்தே அனுப்பிக் காட்டுகிறேன் என்றேன். அதற்குள் முடியாவிட்டால் என்று இழுத்தார். முடியாவிட்டால் நானே போய் அவர்களிடம் நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கே பெடாஸுக்குக் காரை எடுத்தேன்.

பெடாஸ் நிலையத்தை நடத்துவது ஓர் அக்கா. ஐம்பது தாண்டியவர். தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக் கொத்து. அவர் பாலும் அந்த இருபத்தெட்டில் ஒன்று. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை டிரம்மைக் கழுவிக்கொண்டே கேட்டார். ஆலை எடுக்காவிட்டால் வேறு யாராவது பால் எடுப்பார்களா என்று கேட்டேன். இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை, மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்திலேயே கட்டியாக விட்டு ஒட்டுப்பாலாகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டியதுதான், பாதிப் பேர் மரத்தைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடுவார்கள், மீதிப் பேர் ஃபேக்டரிக்குப் போவார்கள் என்றார். தனக்கு எந்த ஃபேக்டரியிலும் இந்த வயதில் வேலை தர மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அழவெல்லாம் இல்லை. டிரம்மைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் எந்த நிலத்துக்குப் போகணும் என்று கேட்டார்.

நிலங்களை அளக்க ஒன்பது நாள் ஆயிற்று. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டின் மூலைக்கும் நடந்தோம். அட்டைக் கடி, கொசுக் கடி, ஒரு நாள் குளவி. ஒரு மூலை சாக்கடைக்கு அந்தப் பக்கம் இருக்கும், இன்னொரு மூலையில் ஒருவர் கோழிக்கூண்டு கட்டி வைத்திருப்பார். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் இருவர், எல்லைக்கல் எங்கே என்பதில் என் முன்னாலேயே முறைத்துக்கொண்டார்கள். அக்கா நடுவில் போய் நின்று, கல் எங்க இருந்தா என்னா, பால் ஒரே டேங்கர்லதான் போவுது என்று இருவரையும் அடக்கினார். ஒன்பதாம் நாள் இருபத்தெட்டு நிலமும் என் கைப்பேசியில் இருந்தன. அன்று மதியம் பெடாஸ் சந்தியில் நான் சாப்பிட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு மாதிரி இதுவரை எதுவும் ருசித்ததில்லை.

அடுத்த இரண்டு வாரம் எழுதினேன். தொகுதி என்கிற டப்பாவுக்குள் டேங்கர், டேங்கருக்குள் தோட்டம் ஒன்று, பெடாஸ் ஒன்று, பெடாஸுக்குள் இருபத்தெட்டு நிலம். அழகாக வந்தது. கோப்பின் அமைப்பை மட்டும் பார்க்க வாடிக்கையாளர் கொடுத்திருந்த இலக்கணச் சோதனையில் ஒரு பிழை கூடக் காட்டவில்லை. மேலாளர் மேசைக்குப் போய், பார்த்தீர்களா சார் என்று கேட்டேன். கொஞ்சம் தலைக்கனம்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெள்ளோட்டத்துக்கு அனுப்பிய முதல் கோப்பு இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. நிலங்களிலிருந்து வந்த பாலின் கூட்டுத்தொகை, ஆலை எடைமேடையில் டேங்கர் காட்டிய எடையைவிட அதிகம் என்று போட்டிருந்தது. தோட்டத்துக் கிளார்க் அனுப்பிய சீட்டில் தோட்டம் ஒன்பதாயிரம், பெடாஸ் அறுநூறு. நான் இரண்டையும் கூட்டியிருந்தேன். டேங்கரில் வந்ததே ஒன்பதாயிரம்தான்.

மேலாளர் இப்போது சிரித்தார். தோட்டத்துக் கிளார்க் எழுதுவது எப்போதும் ஆலை எடைமேடையிலிருந்து சொல்லும் முழு டேங்கர் எடை, பெடாஸ் அதற்குள் அடக்கம், அவருக்கு முன்னால் இருந்த கிராணியும் அப்படித்தான் எழுதினார் என்றார். இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் எழுதவில்லை, எங்கள் எல்லாருக்கும் தெரியும் என்றார். டிபன் கேரியர் ஞாபகம் வந்தது. சோறு எந்தத் தட்டில் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியவில்லை. கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்து கழித்தல் குறியைப் போட்டேன்.

மூன்று வாரம் தினமும் கோப்பு ஒழுங்காகப் போனது, பிறகு மறுபடியும் திரும்பியது. இந்த முறை கணினி திருப்பவில்லை, வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஓர் ஆள் கேட்டிருந்தார். நாங்கள் அனுப்பிய மூன்று வார வெள்ளோட்டத்தில் மழை நாட்களில் பெரிய தோட்டத்தின் பால் பாதியாகக் குறைகிறது, பக்கத்திலிருக்கும் பெடாஸில் மட்டும் எப்படி தினமும் அறுநூறு? பெடாஸில் மழை பெய்யாதா?

மறுநாள் பத்து மணிக்கு நானே பெடாஸில் போய் நின்றேன். டேங்கர் வந்தது. ஓட்டுநர் அண்ணன் இந்தத் தடத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். டிரம்முக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டார், எடுத்தார், சீட்டில் அறுநூறு என்று எழுதினார். குச்சியை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. என்ன அண்ணே இது என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார், அக்கா தரையைப் பார்த்தார். பிறகு அண்ணனே சொன்னார்.

"சரிக்கட்டுறதும்மா. மழ நாளுல கொறையும், நல்ல நாளுல ஏறும். மாசக் கடசியில சரியாப் போயிரும்லா."

அக்காதான் மீதியைச் சொன்னார். ஐந்நூறு கிலோவுக்குக் கீழே இருந்தால் டேங்கர் அந்த இடத்தில் நிற்க வேண்டாம் என்று ஆலையில் ஒரு விதி. மழைக்காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் முன்னூறுகூடத் தேறாது. அந்த நாட்களில் டேங்கர் நிற்காவிட்டால் பால் கெட்டுப்போகும். ஆகவே அறுநூறு. ஓட்டுநர் அண்ணனுக்கு முன்னால் ஓட்டியவரும் அறுநூறுதான் எழுதினார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, நல்ல நாளில் ஏறுகிற பாலை யாரும் எழுதிக்கொண்டதும் இல்லை. தோட்டத்தில் மழைக்கு ஒதுங்கி, மரம் காய்கிறதா என்று பார்த்து நின்றவர்களுக்கு இந்தச் சரிக்கட்டல் புரியும். எனக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அக்காவிடம் உடைத்துச் சொன்னேன். அறுநூறு என்று அனுப்பினால் கோப்பு விழும், பெடாஸும் விழும். உள்ளதை அனுப்பினால் கோப்பு நிற்கும், ஆனால் மழை நாளில் ஐந்நூறுக்குக் கீழே இருப்பது ஆலைக்குத் தெரிந்துவிடும், அதை வைத்தே நிறுத்தலாம். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. முடிவு உங்களுடையது.

அவர் சாவிக் கொத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எழுது தங்கச்சி. மழ பேஞ்சா பேஞ்சதுன்னு எழுது. எத்தன நாளைக்குத்தான் குச்சிக்குப் பின்னால ஒளியிறது?"

ஆலையின் பழைய சாமான் கிடங்கில் ஒரு மேடைத் தராசு தூசி படிந்து கிடந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, வெளியில் சரிபார்க்கச் சொல்லி, என் சொந்தக் காரின் பின்சீட்டில் ஏற்றிப் பெடாஸுக்குக் கொண்டுபோனேன். காரில் இன்றைக்கும் அமோனியா நாற்றம்தான். டேங்கரில் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு டிரம்மும் தராசில் ஏறும். அக்கா எடையைச் சொல்ல, ஓட்டுநர் அண்ணன் எழுத, அந்தச் சீட்டின் படத்தை எனக்கு வாட்சாப்பில் அனுப்புவார்கள். முதல் இரண்டு நாள் அண்ணன் முணுமுணுத்தார், பத்து நிமிடம் தாமதமாகிறது என்றார். மூன்றாம் நாள் அவரே தராசைத் துடைத்து வைத்திருந்தார். குச்சியை அக்கா தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் தினமும் எடை போட்டோம். நவம்பர் மழை என்றால் உங்களுக்குத் தெரியும், சிரம்பான் முழுவதும் ஊறிக் கிடந்தது. ஒரு நாள் இருநூற்று எண்பது. இன்னொரு நாள் முன்னூற்றுப் பத்து. ஆனால் வெயில் அடித்த நாட்களில் எண்ணூறு, எண்ணூற்று நாற்பது என்று ஏறியது. ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். கெடுவுக்கு இன்னும் நான்கு நாள். என்னுடைய ஆறு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது, அவர் அதை நினைவுபடுத்தாமல் இருந்தது பெரிய விஷயம்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இருநூற்று எண்பதில் விரல் நின்றது.

"இது ஐந்நூறுக்குக் கீழே. விதிப்படி டேங்கர் நிற்கக் கூடாது."

"சார், அந்த விதி ஒரு நாள் பாலைப் பார்க்குது. வாரத்துக் கூட்டை ஏழால வகுத்துப் பாருங்க. ஒரு வாரம்கூட ஐந்நூறுக்குக் கீழ போகல."

அவர் வகுத்தார். பென்சிலால், ஓரத்தில், மூன்று வாரத்துக்கும் வகுத்தார். பிறகு நிமிராமலே, அந்த அறுநூறு தனக்கும் தெரியும் என்றார். விதியை எழுதியவரே அவர்தானாம். விதி வந்த அடுத்த மாதமே குச்சிக் கதை அவர் காதுக்கு வந்துவிட்டது. விதியை மாற்றுவதைவிடக் கண்ணை மூடிக்கொள்வது சுலபமாக இருந்தது என்று சொன்னார். அந்த மனுஷர் தன் தப்பை ஒத்துக்கொண்டதை நான் முதல்முறை கேட்டேன். என் வாயில் தயாராக வைத்திருந்த சூடான பேச்சை அப்படியே விழுங்கிவிட்டேன். தாளின் அடியில் 'ஐந்நூறு, வாரச் சராசரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். வெள்ளைப் பலகைக் கேள்வியை அழித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், பதில் இன்னும் கிடைக்கவில்லை என்றார்.

அதிலும் அவர் சொன்னது சரிதான். இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் இ.டி.ஐ.யில்தான் பேசுகிறார்கள். தினமும் காலை வந்ததும் அந்தப் பழைய வரிசை ஓடுகிறதா என்று நான்தான் பார்க்கிறேன், நின்றுபோனால் தட்டி எழுப்புவதும் நான்தான். எக்ஸ்.எம்.எல். பெடாஸுக்கு ஒரு டப்பா செய்து கொடுத்தது, அவ்வளவுதான் அதனால் முடியும். அந்த டப்பாவில் மூன்று வாரம் நாங்களே அறுநூறு என்ற பொய்யைப் போட்டு அனுப்பினோம், இலக்கணச் சோதனை அதையும் அழகாக ஏற்றுக்கொண்டது.

கெடு நாளன்று உண்மையான முதல் கோப்பு போனது. பெய்த மழையில் பெடாஸ் அன்று முன்னூற்று நாற்பது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலாளர் ஏதோ தேடுகிற மாதிரி என் மேசைப் பக்கம் மூன்று முறை வந்து போனார். பகல் உணவுக்கு முன் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. தோட்டத்துக்கு ஓர் எண், அதன் கீழே பெடாஸுக்கு அதன் சொந்த எண், முன்னூற்று நாற்பது கிலோ, இருபத்தெட்டு நிலம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது, வெட்கப்படவில்லை.

அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு அப்போதே பெடாஸுக்குப் போனேன். அக்கா டிரம் கழுவிக்கொண்டிருந்தார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். அடைப்புக் குறியும் எண்ணுமாக இருந்த அந்தத் தாளில் எது தங்களுடைய வரி என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அவர் அந்த வரியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"இது அந்த ஊருல இருக்கிற கம்ப்யூட்டர்லயும் இருக்குதா?"

இருக்கிறது அக்கா, தினமும் போகும் என்றேன்.

தாளை மடித்து, சாவிக் கொத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் அடுத்த டிரம்மை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, ஒரு நாளு நாங்க இல்லாமப் போனா, அங்க தெரியும், இல்ல?"